தேசபக்தன் நடேசய்யரும் கடல் கடந்த நம் மக்களும்

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லி வந்த 1876-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியபோது, வட ஆர்க்காட்டு மாவட்டமும் அதன் வாய்ப்பட்டுப் பெரிதும் அழிந்தது. அப்பஞ்சத்திற்கு முன்னும் பின்னும் இம்மண்ணை விட்டுக் கடல் கடந்து போனவர்களில் பெரும்பாலோர் ஒரு காணி நிலமும் இல்லாதவர்கள். அவர்களுள் நம் மக்கள் மிகுதி. நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்கள், மொரீசியசுக்குப் போனவர்கள், பர்மாவுக்குப் போனவர்கள், இலங்கையின் கண்டிச் சீமைக்கு முதலில் காப்பித் தோட்டத்திற்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டத்திற்கும் போனவர்கள் எனத் திசைக்கொரு கூட்டமாகச் சிதறினர். நெமிலியைச் சூழ்ந்த சேரிகளில் நாம் சிறுவராக இருந்த காலத்தில், போனவர் எங்கே போனார் என்று கேட்டால் முதியோர் எல்லாரும் பொதுவாகச் சொல்லும் விடை, 'சீமைக்குப் போனான், திரும்பவில்லை' என்பதுதான்.

இவ்வாறு போனவர்களைப் பற்றிய தாள்களுக்குக் குறைவில்லை. நேட்டால் சென்ற கப்பல்களின் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு ஆகியவை வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன. நேட்டாலுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் நம் வட ஆர்க்காடு முன் நின்றது என்பதும் அப்பதிவேடுகளாலேயே தெரிகின்றது. சந்தையில் மாட்டின் சுழி பார்த்து எழுதி வைப்பது போன்ற எழுத்து அது. இலங்கைக்குப் போனவர்க்கோ அந்த அளவு எழுத்தும் இல்லை. கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர்; அப்பெயருக்கு நேரே ஒரு கடன் தொகை; அவ்வளவே. எழுத்தறியாத மக்களைப் பற்றிப் பிறர் எழுதிய எழுத்துகள் இவை. அவர்கள் சார்பில் நின்று, அவர்கள் குறையை ஊரறிய எழுதியவர்கள் மிகச் சிலர். நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் கல்வியின் சிறப்பைப் பற்றி எழுதப் பலர் இருப்பர் ஆதலின், அந்த மிகச் சிலருள் ஒருவராகிய பத்திரிகையாளர் கோ. நடேசய்யரைப் பற்றியும், அவர் மறைந்த பின் அம்மக்களுக்கு நேர்ந்ததைப் பற்றியும் எழுத விழைந்தோம்.

அதற்குமுன் நேட்டாலைப் பற்றி ஒரு சொல். ஒப்பந்தக் காலம் முடிந்தும் அந்நாட்டிலேயே தங்க விரும்பிய இந்தியத் தொழிலாளிகள் ஆண்டுதோறும் 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-இல் நேட்டால் அரசு சட்டம் செய்தது. உழைப்பு வேண்டும், உழைத்தவன் வேண்டா என்பதே அவ்வரியின் கருத்து. டர்பன் நகரில் 1908 முதல் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' என்னும் ஏட்டை நடத்திய பி. எஸ். ஐயர் என்னும் தமிழர், வணிகரின் குறைகளுக்குக் கிடைத்த கவனம் இவ்வரியால் நொறுங்கிய ஏழைகளுக்குக் கிடைக்கவில்லை என்று இடித்துரைத்தார். காந்தியடிகளோடும் இதன் பொருட்டு மாறுபட்டார். 1913-இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 1914-இல் வரி நீங்கியது. அவ்வரியைக் கட்டியும் கட்டமாட்டாமலும் அல்லற்பட்டவருள் நம் ஆர்க்காட்டுச் சேரியார் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், ஐயரின் பெயர் நம் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாமற் போனது வியப்பாகவே உள்ளது.

இனி இலங்கைக்கு வருவோம்.

நடேசய்யர் தஞ்சை மாவட்டத்தவர், பிறப்பால் பார்ப்பனர். இதை மறைக்கவும் வேண்டா, இதனாலேயே அவரை ஒதுக்கவும் வேண்டா. தஞ்சையில் 'வர்த்தகமித்திரன்' என்னும் ஏட்டை நடத்தி வந்த அவர், அங்குள்ள வணிகர் சங்கப் பணியின் தொடர்பாக இலங்கை சென்றார். மலைநாட்டுத் தோட்டங்களில் நம்மவர் படும் பாட்டைக் கேள்வியுற்று நேரிற் காண விரும்பினார். ஆனால் தோட்டம் என்பது அந்நாளில் துரையின் தனிக் கோட்டை. அவர் இசைவின்றி வெளியார் நுழைவது குற்றம். ஆகவே நடேசய்யர் புடவை விற்கும் வணிகராக வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்து, லயங்களைப் பார்த்து, மக்களொடு பேசித் திரும்பினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். தொழிலாளியின் வீட்டு வாயிலுக்கு ஒரு செய்தியாளன் போவதற்கு மூட்டை சுமக்க வேண்டியிருந்தது. லயம் என்பது, ஒரு நீண்ட கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட ஓரறை வீடுகள். ஓர் அறைக்குள் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு.

அங்கு அவர் கண்டவற்றுள் தலையாயது 'துண்டு' முறை. இதைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் நம் ஊர்ப் பண்ணையாள் முறையையும் தோல் தொழிற்கூடத்தின் முன்பணத்தையும் அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். ஊரில் ஆள் சேர்க்கும் கங்காணி, வழிச் செலவு, வெற்றிலை பாக்கு, பழைய கடன் என்று எதையெதையோ சேர்த்து ஆளின் பேரில் கடனாக எழுதுவான். தோட்டம் சேர்ந்த பின் அரிசி, கம்பளி, நோய்ச் செலவு என்று அக்கடன் வளரும். ஓர் ஆள் வேறு தோட்டத்திற்குப் போக விரும்பினால் அவனுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தரப்படும். இந்தத் தொகையைக் கட்டுவோர் இவனைக் கொள்ளலாம் என்பது அதன் பொருள். புதுத் தோட்டம் அத்தொகையைக் கட்டும். கடன் அங்கே அவன் பேரில் மீண்டும் எழுதப்படும். இவ்வாறு மனிதன் தோட்டம் மாறினும் கடன் மாறாது. தன்னை விற்கும் சீட்டைத் தானே மடியில் கட்டிக் கொண்டு மலை ஏறிய அம்மனிதனுக்கு அச்சீட்டில் எழுதியிருந்தது இன்னதென்று படிக்கத் தெரியாது. 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணிக்கு ஆள் கணக்கில் கிடைத்த தலைக்காசும், கடன் கட்டும் பழக்கமும் அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தன.

1921 அளவில் கொழும்பில் 'தேசநேசன்' ஏட்டின் ஆசிரியரானார் நடேசய்யர். 1924-இல் 'தேசபக்தன்' தொடங்கினார். தோட்டத் துரைமாரின் கொடுமை, கங்காணிகளின் சுரண்டல், கூலிக் குறைவு, வாக்குரிமை ஆகியவை அதன் பக்கங்களில் இடைவிடாது எழுதப்பட்டன. அரசு அவரை நாடு கடத்த எண்ணியதுண்டு. தோட்ட முதலாளிமார் சங்கத்திற்கு அவர் பெயரே கசந்தது. அப்போது கொழும்புத் தொழிலாளரின் தலைவராக விளங்கியவர் ஏ. ஈ. குணசிங்க. சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் இருந்த காலம் அது. நடேசய்யர் அச்சங்கத்தில் துணைத் தலைவராக இருந்தார். 1927-இல் கொழும்புத் துறைமுகத்தில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் இரு சாராரும் தோளோடு தோள் நின்றனர்.

இந்தத் தோழமை இரண்டொரு ஆண்டே நிலைத்தது. வேலை குறைந்தது, உலகப் பொருளாதார மந்தம் 1929-இல் வந்து சேர்ந்தது. துறைமுகத்திலும் புகைவண்டிப் பணிமனையிலும் சிங்களவரின் வேலையை இந்தியர் பறிக்கின்றனர் என்று குணசிங்க பேசத் தலைப்பட்டார். முதலில் மலையாளிகளைக் குறிவைத்த பகை பின்னர் இந்தியர் அனைவர் மீதும் பரவியது. அவர் சார்பான 'வீரய' என்னும் சிங்கள ஏடு அப்பகையை வளர்த்தது. ஆக, ஒரு பத்திரிகை மூட்டிய தீயை இன்னொரு பத்திரிகை எதிர்த்து நின்ற வரலாறாகவும் இது உள்ளது. நேற்று வரை ஒரே மேடையில் நின்ற தலைவரை நடேசய்யர் தம் ஏட்டிலே வெளிப்படையாக எதிர்த்தார். கூலி குறையக் காரணம் முதலாளியா, பக்கத்தில் நிற்கும் பிற நாட்டுத் தொழிலாளியா என்பதே இருவர்க்கும் இடையே இருந்த வழக்கு. இவ்வழக்கு இன்றளவும் எந்த நாட்டிலும் தீர்ந்தபாடில்லை.

அவர் கொழும்பை விட்டு மலைநாட்டுக்குச் சென்றார். 1931-இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அப்போது சட்டப்படியான கூலி எவ்வளவு? 1929 முதல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள் என்பதை நினைவிற் கொண்டால் இக்கணக்கின் சூது விளங்கும். மந்தத்தைக் காட்டி அந்தக் கூலியையும் முதலாளிமார் குறைத்தனர். சம்மேளனம் எதிர்த்துப் போராடியது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்களுக்கென எழுதப்பட்ட ஏட்டை அவர்கள் எவ்வாறு அறிந்தனர்? விடை, நடேசய்யரின் மனைவியார் மீனாட்சி அம்மையாரிடம் உள்ளது. அம்மையாரும் எழுத்தாளர், 'தேசபக்தன்' ஏட்டுப் பணியில் பங்கு கொண்டவர், பெண்களின் வாக்குரிமை பற்றி எழுதியவர். இந்தியர் வாழ்க்கை நிலையைப் பற்றித் தாமே பாட்டுகள் கட்டி, மக்கள் அறிந்த மெட்டுகளில் கூட்டங்களில் பாடினார். நடேசய்யரின் பேச்சுக்கு முன் அம்மையாரின் பாட்டு ஒலிக்கும், மக்கள் திரள்வர். தாளில் இருந்ததைக் காதுக்குக் கொண்டு சென்றவர் அம்மையார். அவர் பாடிய கூட்டங்களுக்கு வந்த பெண்கள் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நாள் முழுதும் கூடை சுமந்து, இரவில் மலைச் சரிவில் இறங்கி வந்தவர்கள். கணவர் பெயர் நூல்களில் இருக்கும் அளவுக்கு அம்மையார் பெயர் இல்லை என்பது நம் வரலாற்றாசிரியர்களின் பழைய நோய்.

1925 முதல் சட்ட நிரூபண சபையிலும், 1936 முதல் 1947 வரை அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசுச் சபையிலும் நடேசய்யர் அமர்ந்தார். அச்சபைக் காலத்தில் இந்தியரைச் சுற்றி வேலி ஒவ்வோர் ஆண்டும் நெருங்கி வந்தது. 1937-இல் கிராமச் சபைகளின் வாக்குரிமை தோட்டத்து இந்தியத் தொழிலாளர்க்கு இல்லையென்றாயிற்று. 1939-இல் அரசுத் துறைகளில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை நீக்க முடிவு செய்தனர். 1934 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர் உடனே போக வேண்டும், ஏனையோர் ஆண்டு இறுதிக்குள் தாமாகப் போனால் ஒரு தொகை உண்டு. சவகர்லால் நேரு அவ்வாண்டு ஜூலையில் நேரிற் சென்று பேசியும் பயன் விளையவில்லை. அப்போது தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரசு விரைவில் மலைநாடெங்கும் பரவி நடேசய்யரின் சம்மேளனத்தைப் பின்தள்ளியது. ஆகஸ்ட் 1 முதல் இந்திய அரசும் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. 1947 தேர்தலில் நடேசய்யர் தோற்றார். அவ்வாண்டு நவம்பர் 7-இல் மறைந்தார்.

அவர் மறைந்த ஓராண்டில், 1948 நவம்பர் 15-இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர் என்றோ காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். எதைக் கொண்டு காட்டுவது? பிறந்தது லயத்து அறை. பெயர் இருந்தது கங்காணியின் கடன் கணக்கில். 1946-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டில் இந்தியத் தமிழர் 7,80,589 பேர். மலைநாட்டிலிருந்து 1947-இல் 7 பேர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். அவ்வெழுவரைத் தேர்ந்தெடுத்த மக்களே 1949-இல் வாக்குரிமை இழந்தனர். அவ்வாண்டே வேறொரு சட்டத்தின்படி விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று ஒரு வாயில் திறந்தனர். ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. ஏனையோர் எந்நாட்டவரும் அல்லர் ஆயினர். அவ்வெழுவருள் ஒருவராகிய சி. வி. வேலுப்பிள்ளை பின்னாளில் எழுதிய நூலுக்கு 'நாடற்றவர் கதை' என்றே பெயர்.

இப்பகைக்குச் சொற்கள் இருந்தன. சிங்களர் வாயில் 'கள்ளத்தோணி'. சட்டப்படி மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காக நிறுத்திச் சோதிக்கப்பட்டுத் தனுஷ்கோடிக் கப்பலில் சீட்டோடு சென்றவர்களின் பேரப் பிள்ளைகளைத்தான் கள்ளத்தோணி என்றனர். யாழ்ப்பாணத்துத் தமிழர் சிலர் வாயிலும் இரு சொற்கள் உண்டு. ஒன்று 'தோட்டக்காட்டான்'. மற்றொன்று, இந்தியாவிலிருந்து வந்தவனைச் சுட்டும் 'வடக்கத்தையான்'. இந்த இரண்டாம் சொல்லை வாசகர் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகின்றோம்.

1964 அக்டோபர் 30-இல் இலால்பகதூர் சாத்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 பேர் பங்கிடப்பட்டனர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக் கொள்வது. 1974-இல் அம்மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தனர். அம்மக்களைக் கேட்டு இவை நடந்தன என்று எந்த வரலாறும் கூறவில்லை. உடன்படிக்கை நடந்த இரு மாதத்திற்குள் டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பின்னர் 'இராமானுஜம்' என்னும் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்கு அவர்களை ஏற்றி வந்தது. பாட்டன் அந்தப் பக்கம் போகும்போது தங்கிய அதே மண்டபம் முகாமில், பேரன் இந்தப் பக்கம் வரும்போது தங்கினான். 1984-இல் அக்கப்பல் நிற்கும் வரையிலும், குழந்தைகளையும் சேர்த்து, நான்கரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர்.

வந்தவர்களை நாம் எவ்வாறு ஏற்றோம்? இதை எழுதும்போதுதான் நமக்குக் கை தயங்குகின்றது. இலங்கையில் அவர்கள் 'இந்தியாக்காரர்'. இங்கே 'சிலோன்காரர்'. நீலகிரியில் அவர்களுக்கெனவே அரசு தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது. 1976-இல் அவை டான்டீ என்னும் அரசு நிறுவனமாயின. அங்கு வேலை கிடைத்தவர் நற்பேறு உடையவர் எனலாம். பலருக்கு ஒரு சிறு வணிகக் கடன் கொடுத்து, பழக்கமில்லாத ஊர்களுக்கு அனுப்பினர். கொழுந்து பறிக்கத் தெரிந்தவர் சமவெளியில் கடை வைத்து வாழ வேண்டும் என்பது எந்த அதிகாரியின் அறிவில் உதித்ததோ, அறியோம். தரகர்களின் கையில் அக்கடன் கரைந்தது. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் வேலைக்குப் போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கியோரை 1980-களில் மீட்க வேண்டியிருந்தது. துண்டுச் சீட்டை ஒழித்து அறுபது ஆண்டு கழிந்த பின் அதே கடன், அதே கட்டு, சொந்த நாட்டில்!

சாதியும் அவர்களுக்காகக் காத்திருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலும் சாதி இருந்ததுண்டு. கோயிலிலும் லய வரிசையிலும் இருந்தது. ஆயினும் ஒரே கொழுந்துக் கூடையும் ஒரே பெரட்டுக் களமும் அதன் கூர்மையைச் சிறிது மழுக்கியிருந்தன. தாத்தாவின் ஊரைத் தேடி வந்தவர்க்கு அவ்வூரில் நிலமில்லை. ஆனால் சேரி இருந்தது. தேநீர்க் கடையில் தனிக் குவளை இருந்தது. இங்கே ஒரு தலைமையாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். நாடு திரும்பியோரின் பேரப் பிள்ளைகள் பள்ளியில் சேரும்போது சாதிச் சான்றிதழ் கேட்கின்றோம். உதவித்தொகைக்கும் மேற்படிப்புக்கும் அது வேண்டும். பெற்றோர் அலுவலகத்திற்குப் போனால், உன் தகப்பன் இங்கே வாழ்ந்ததற்குச் சான்று என்ன, உறவினர் சான்றிதழ் எங்கே என்ற கேள்வி. ஒரு குடும்பம் ஏழு முறை நடந்ததை நாம் அறிவோம். அந்த ஆண்டு அப்பெண்ணுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. ஊர் அவள் சாதியை வந்த அன்றே அறிந்து கொண்டது. அதற்குத் தாள் எதுவும் தேவைப்படவில்லை.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் வந்தவர்கள் வேறு வகையினர். உடன்படிக்கையால் அன்றி உயிருக்கு அஞ்சி வந்த ஏதிலியர். அவர்களுள்ளும் மலைநாட்டு வழியினர் கணிசமாக உண்டு; ஆனால் இதைப் பலர் அறியார். 1983-இல் நாம் பள்ளி மாணவர். அவர்களுக்காக வகுப்பைப் புறக்கணித்து ஊர்வலம் சென்றோம். நெமிலியிலும் கடையடைப்பு நடந்தது. 1991 மே மாதம் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட பின் அதே வீதிகளில் அதே மக்கள் ஐயத்துடன் நோக்கப்பட்டனர். முகாம் மக்கள் எல்லாரும் குற்றவாளிகள் போலப் பதிவு செய்யப்பட்டனர். உயர்கல்வியில் அவர்களுக்கு இருந்த இடங்கள் நிறுத்தப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் செல்வது தடை செய்யப்பட்டது. 1992-இல் அவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, உண்மையில் விரும்பித்தான் போகின்றார்களா என்ற கேள்வி சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கொலை செய்தவர் சிலர். அதன் கூலியைச் சுமந்தவர் இலட்சம் பேர். அந்நாளைய தமிழ் ஏடுகளில் இதை நடேசய்யரைப் போல எடுத்து எழுதியவர் எத்தனை பேர் என்று தேடினால், விரல் விட்டு எண்ணி முடித்துவிடலாம்.

இத்தனைக்கும் நடுவே அவர்கள் செய்தது ஒன்று நம் கழகத்தாரின் சிந்தனைக்கு உரியது. 1984-இல் எஸ். சி. சந்திரகாசன் தலைமையில் ஏதிலியர் தாமே நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்தியது. முகாமில் படித்த இளைஞரே முகாமின் சிறுவர்க்கு ஆசிரியர். தார்த் தாள் கூரையின்கீழ் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் படித்தவர்கள் பொறியாளராயினர், ஆசிரியராயினர். ஆனால் குடியுரிமை இன்மையால் அரசுப் பணிக்கு அவர்கள் விண்ணப்பிக்க இயலாது. நம் பிள்ளைகள் சேரியின் திண்ணைப் பள்ளியில் தொடங்கி அரசுப் பணிக்கு ஏறிய படிகளில் கடைசிப் படி அவர்களுக்கு இல்லை.

வேலூரை அடுத்த மேல்மொணவூரில் அத்தகைய முகாம் ஒன்று உண்டு. 2021 நவம்பர் 2-இல் மாநிலமெங்கும் 3,510 வீடுகள் கட்டும் திட்டத்தைத் தமிழக முதலமைச்சர் அங்கேதான் தொடங்கி வைத்தார். அவ்வாண்டே 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. வீடும் பெயரும் வந்தன, குடியுரிமை வரவில்லை. 2019 ஜூன் 17-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மலைநாட்டு வழியினர் 65 பேரின் வழக்கில், இவர்களின் முன்னோர் இந்தியர். இவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் அரசு பரிவுடன் ஆராய வேண்டும் என்னும் கருத்துப்படத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஆப்கானித்தான், பாகித்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் பெயர்கள் இருந்தன. இலங்கையின் பெயர் இல்லை.

மேலே நினைவில் வைக்கச் சொன்ன சொல்லுக்கு வருவோம். இன்று இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்கூடங்களிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் மாநிலத்து இளைஞர் வேலை செய்கின்றனர். ஒப்பந்தக்காரன் ஒருவன் அழைத்து வருகின்றான். ஓரறையில் பலர் தங்குகின்றனர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகின்றனர். தோல் வேலையால் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட நம் மக்களே அவ்வேலையில் நெடுங்காலம் இருந்தனர். இப்போது நம் தெருவின் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் 'வடக்கன்' என்ற சொல் கேட்கின்றது. கூலியைக் குறைக்கின்றான், நம் வேலையைப் பறிக்கின்றான் என்ற பேச்சும் கேட்கின்றது. இதை நம் பிள்ளைகள் வகுப்பறைக்குள்ளும் கொண்டு வருகின்றனர். குணசிங்க சிங்களத்தில் பேசியதற்கும் இதற்கும் மொழி ஒன்றே வேறுபாடு.

கூலி குறைவது பொய் அன்று. ஒரு குடும்பத்திற்கு அது அடுப்பு அணைவது போன்றது. அந்த வேதனையை இகழ்ந்து பேசும் உரிமை மாதச் சம்பளக்காரராகிய நமக்கு இல்லை. ஆனால் குறைந்த கூலிக்கு ஆள் பிடித்து வருபவன் யார், அதனால் யாருக்கு இலாபம் என்று கேட்கும் குரலைத்தான் நடேசய்யர் 1929-இல் எழுப்பினார். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகள் தாக்கப்பட்டுக் கொல்லப்படுகின்றனர் என்று கைப்பேசி வழியே படங்கள் பரவின. அஞ்சிய தொழிலாளர் பலர் இரயில் நிலையங்களில் குவிந்தனர். வேறெங்கோ, வேறெப்போதோ நடந்த நிகழ்ச்சிகளின் படங்கள் அவை என்பதைச் செய்தியாளர் சிலர் ஒவ்வொன்றாகச் சோதித்துக் காட்டினர். இரு மாநிலக் காவல்துறையும் அவை பொய் என்று அறிவித்தன. 'வீரய' ஏட்டுக்கு அச்சகம் ஒன்று வேண்டியிருந்தது. இன்றைக்கு அதுவும் வேண்டியதில்லை.

நடேசய்யரின் பெயர் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. தேயிலை மலைகளிலேயே பிறந்து வளர்ந்த எழுத்தாளர் சாரல்நாடன், பழைய ஏடுகளைத் தேடித் தொகுத்து 1988-இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலை வெளியிட்ட பின்னரே அவர் வரலாறு பரவலாகத் தெரியலாயிற்று. அவர் அந்நூலோடு நில்லாது, பத்திரிகையாளர் என்ற நிலையில் நடேசய்யரை ஆராய்ந்து மற்றொரு நூலும் எழுதினார். லயத்திற்கு வேடம் பூண்டு வந்த செய்தியாளனின் வரலாற்றை, வேடம் வேண்டாமலே அம்மலையில் வாழ்ந்த ஒருவர் எழுதியிருக்கின்றார். நம் கழக நூலகத்தில் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் நூல்கள் அடுக்கில் உள்ளன. சாரல்நாடனின் இவ்விரு நூல்களையும் சி. வி. வேலுப்பிள்ளையின் நூல்களையும் அவற்றின் பக்கத்தில் வைக்குமாறு நூலகக் குழுவினரைக் கேட்டுக் கொள்கின்றோம். மேல்மொணவூர் முகாமிலிருந்து நம் மாலை வகுப்புகளுக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்குச் சேர்க்கைப் படிவத்தில் சான்றிதழ் கேட்கும் பத்தியை நீக்கிவிடலாமா என்பதையும் வரும் பொதுக்குழுவில் பேச வேண்டும்.